வைக்கோல் பைதான் வயிறு: வன்னியில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறை

சிறுபோக அறுவடை முடிந்தால் இரணைமடுக் குளத்துக்குக் கீழேயும் வவுனிக்குளத்துக்குக் கீழேயும் முத்தையன்கட்டுக்குக் கீழேயும் வயல் வயலாக வைக்கோல் கிடக்கும். மாட்டுக்குக் கொஞ்சம் போகும். மிச்சத்துக்குப் பல இடங்களில் நெருப்புத்தான். அதில் நன்கு காய்ந்த 8 கிலோவை எடுத்தால், இரண்டு மாதம் இரண்டரை மாதத்துக்குள் 4 முதல் 5 கிலோ வரை சிப்பிக் காளான் பறிக்கலாம். வேலை பெரிதல்ல. ஆனாலும் முதல் தடவையிலேயே பை முழுக்கப் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, "இது எங்கட வெக்கைக்குச் சரிவராது" என்று விட்டவர்கள் அதிகம். வெக்கைக்கு அதில் பங்கு உண்டுதான். ஆனால் படிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, பைக்குள் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

பைக்குள் நடப்பது சமிபாடு. காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அதன் உடம்பு மெல்லிய பூசண இழைகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கைற்றின் கலந்த உறுதியான சுவர். வைக்கோலில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் இருப்பது செலுலோசு. குளுக்கோசு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது. அவ்வளவு பெரிய பொருள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. எனவே இழை தன் நுனிப்பக்கத்தால் நொதியங்களை வெளியே கசியவிடுகிறது. ஒரு வகை நொதியம் சங்கிலியை நடுவில் நறுக்கும். இன்னொன்று நறுக்கிய துண்டின் முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றும். மூன்றாவது அந்தச் சோடியைப் பிரிக்கும். பிறகுதான் இழை அதை உறிஞ்சும். செலுலோசைச் சுற்றி இலிக்னின் என்ற முரட்டுப் பொருள் பூசியிருப்பதால், அதை உடைக்க லக்கேசு, பரொட்சிடேசு என்று வேறு நொதியங்களும் போகும். இலிக்னினை உடைக்க ஒட்சிசன் வேண்டும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

உயர்தர வகுப்பில் இதைத்தான் கலத்துக்கு வெளியேயான சமிபாடு என்று படிப்பிக்கிறோம். நாங்கள் சாப்பிட்ட சோறும் கலத்துக்கு வெளியேதான் சமிபாடடைகிறது. குடற்குழி எந்தக் கலத்துக்கும் உள்ளே இல்லை. வித்தியாசம், நமது குடல் மூடிய குழாய். காளானுடையது திறந்த முற்றம். அது உடைத்து வைத்த சீனியை அதுவே குடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பக்கத்தில் நிற்கும் பற்றீரியாவும் குடிக்கும், பச்சைப் பூஞ்சணமும் குடிக்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் ஒன்றில் அந்த முற்றத்துக்குக் காவல், அல்லது நொதியம் வேலைசெய்யத் தேவையான தண்ணீரும் காற்றும் வெப்பமும்.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

பை கட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும் குசினியில் முடியும்.

200 மில்லிலீற்றர் தண்ணீரில் 4 கிராம் அகர் அகரை ஊறவைத்துக் கரையும்வரை காய்ச்சுங்கள். வறுக்காத அரிசிமா 1 கிராமை (அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு) கொஞ்சப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அதற்குள் விட்டு, கட்டிபடாமல் கிண்டி, மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். வற்றியதற்குக் கொதிநீர் சேர்த்து அளவைப் பழையபடி ஆக்கி, அவித்துக் காய்ந்த நான்கு சிறு தட்டையான கிண்ணங்களில் அரைச் சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஊற்றி, மூடி, உறையவிடுங்கள். மா கூடினால் சோதனை கெடும். வட்டம் தெளிவாக விழாது.

முதல் கிண்ணத்தில் ஒரு துளி எச்சில். இரண்டாவதில், விதைப்புக்குக் கட்டுவதுபோல இரண்டு நாள் முளைகட்டிய நெல்லைக் குறுக்காக வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். மூன்றாவதில் காளான் வித்துப் பையிலிருந்து வெள்ளை இழை படர்ந்த ஒரு தானியம் (விதைப்பதற்கென்று காளான் இழை ஓடவிட்ட தானியம்தான் வித்து). நான்காவதில் அதேபோன்ற இன்னொரு தானியம். ஆனால் பத்து நிமிடம் அவித்து ஆறவைத்தது. எச்சிலுக்கு ஒரு மணித்தியாலம் போதும். நெல்லுக்கு ஒரு நாள். மற்ற இரண்டுக்கும் இரண்டு நாள், நிழலில்.

பிறகு மேலே இருப்பதை எடுத்துவிட்டு, பாமசியில் வாங்கும் மண்ணிற அயடீன் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். மாப்பொருள் உள்ள இடமெல்லாம் கருநீலமாகும். எச்சில் விழுந்த இடம் வெறுமையாகத் தெரியும். நெல்லைச் சுற்றியும் ஒரு வெளிறிய வட்டம். முளை தன் சேமிப்பு மாவைக் கரைக்கவும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூன்றாவது கிண்ணத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை இழை ஓரிடத்தில் நின்றுவிடும். தெளிந்த வட்டமோ அந்த விளிம்பையும் தாண்டிப் போயிருக்கும். இழை போகாத இடத்துக்கு அதன் எச்சில் போயிருக்கிறது. அவித்த தானியத்தைச் சுற்றி வட்டமே இராது, ஏனென்றால் நொதியம் ஒரு புரதம், அவித்ததும் அதன் வடிவம் குலைந்துவிடும். நிறம் மங்க முன்னரே படம் எடுத்துவிடுங்கள்.

எதுவும் வைக்காத மூலையிலும் வட்டம் விழுந்தால் சோதனை பிழைத்தது என்று எண்ண வேண்டாம். அது காற்றில் வந்து குந்திய வேறு பூஞ்சணமோ பற்றீரியாவோ. காவல் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வைக்கோல்

பெரும்போக வைக்கோலைவிடச் சிறுபோக வைக்கோலையே தெரிவுசெய்யுங்கள். ஓகஸ்ட், செப்ரெம்பரில் அறுத்தது நல்ல வெயிலில் காய்ந்திருக்கும். ஒக்ரோபர் மழையோடு தொடங்கும் காளான் காலத்துக்கு அப்படியே கைக்கு வரும். பெப்ரவரி, மார்ச் வைக்கோல் பிந்திய மழை ஒன்றைக் குடித்திருக்க வாய்ப்பு அதிகம். வெட்டு மெசின் வயலில் கொட்டிவிட்டுப் போன வைக்கோலென்றால் அடிப்பக்கத்தை விட்டு மேல்பக்கத்தை மட்டும் அள்ளுங்கள். சேறு பட்டது வேண்டாம்.

பொன்மஞ்சளாக இருக்க வேண்டும், கையில் முறித்தால் சத்தம் கேட்க வேண்டும், மணம் காய்ந்த புல் மணமாக இருக்க வேண்டும். கறுத்த புள்ளி, சாம்பல் தூள், பழைய சாக்கு மணம் என்றால் ஏற்கனவே வேறு யாரோ அங்கே சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மிச்சத்தை உங்கள் காளான் சாப்பிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அறுவடைக்குக் கிட்ட பங்கசுநாசினி அடித்த வயலென்றால், வைக்கோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நாம் வளர்க்கப்போவதும் ஒரு பங்கசுதான்.

3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நறுக்குங்கள். நீட்டு வைக்கோல் பைக்குள் படியாது, இடையிடையே பொந்து விழும். பொந்தைத் தாண்ட இழைக்கு நாள் செல்லும். மாவாக்கினாலும் பிழை: தண்ணீரில் ஊறியதும் களியாகிக் காற்றை அடைக்கும்.

நறுக்கியதை நிறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கணக்கு 8 கிலோவுக்கு. நான்கு வெங்காயப் பைகளில் இரண்டிரண்டு கிலோவாக அடையுங்கள். வலைப்பை என்பதால் தண்ணீர் சுலபமாக வடியும். யூரியா வந்த உரப்பையைக் கழுவிவிட்டுப் பாவிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். மிஞ்சும் நைதரசன் வேறு விருந்தாளிகளைக் கூப்பிடும்.

சாதாரண கிணற்றுத் தண்ணீரில் பைகளை அமிழ்த்திப் பாரம் வைத்து 6 முதல் 8 மணித்தியாலம் ஊறவிடுங்கள். குடிக்கக்கூடிய தண்ணீர் என்றால் காளானுக்கும் சரி. பூநகரி, முல்லைத்தீவுக் கரைப்பக்கம் சில கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் இழைக்கு நீரை உறிஞ்சுவது கடினம், உணவும் நீரில் கரைந்துதானே வர வேண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாவியுங்கள்.

வெந்நீர்ப் பதம்

200 லீற்றர்ப் பரலில் 120 லீற்றர் தண்ணீர் விட்டு 80 பாகை செல்சியசு வரை சூடாக்குங்கள். ஊறிய நான்கு பைகளையும் இறக்கியதும் வெப்பம் 72 பாகை அளவுக்கு விழும். அங்கிருந்து 65க்கும் 70க்கும் இடையில் ஒரு மணித்தியாலம் பிடித்து வையுங்கள். அடுப்பைக் குறைத்து, மூடியைப் போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடுப்பையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பரலின் மேல் தண்ணீரில் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். வெப்பமானி இல்லாமல் இந்தப் படியைத் தொடங்கவே வேண்டாம். விரலால் பார்ப்பது விரலுக்கும் கேடு, வைக்கோலுக்கும் கேடு.

"கொதிக்க வைத்தால் இன்னும் சுத்தமல்லவா?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கொதிநீர் வைக்கோலை மென்மையாக்கி, உள்ளே பூட்டியிருந்த சீனிகளை வெளியே விட்டுவிடும். எவரும் உடைக்கத் தேவையில்லாத சீனி வெளியில் கிடந்தால் முந்தி வருபவன்தான் ஆள். பச்சைப் பூஞ்சணம் நம் காளானைவிட வேகமானது. 65 முதல் 70 பாகையில் பெரும்பாலான பூஞ்சணங்கள் சாகும். வெப்பம் தாங்கும் சில பற்றீரியாக்கள் மட்டும் மிஞ்சும். அவை காளானுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை, வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டு மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். முழுக் கிருமிநீக்கம் செய்ய ஆசைப்பட்டால் பிறகு ஒவ்வொரு படியையும் ஆய்வுகூடத்தில் செய்வதுபோலச் செய்ய வேண்டும். கொட்டிலில் அது முடியாது.

விறகு இல்லையென்றால் சுண்ணாம்பு முறை உண்டு. 100 லீற்றர் தண்ணீருக்கு 200 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, காய்ந்த வைக்கோலை அதற்குள் 16 முதல் 18 மணித்தியாலம் அமிழ்த்தி வைப்பது. கரைசலின் பி.எச். 12க்கு மேல் போகும். அந்தக் காரத்தில் பெரும்பாலானவை பிழைக்காது. கொஞ்சம் அடியில் கரையாமல் கிடந்தால் நல்லது. இரண்டு பிழைகள் இதில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, உரக்கடையில் டொலமைற் வாங்கிப் போடுவது. அது மண்ணுக்கு நல்லது, ஆனால் தண்ணீரில் கரைந்து இந்தக் காரத்தைத் தராது. மற்றது, வாய் திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து அதுவும் செயலற்றதாகிவிடும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் தெறித்தால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியரிடம் போங்கள்.

வடித்தலும் பிழிந்து பார்த்தலும்

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இது, அவசரப்பட வேண்டாம். பைகளை நிழலில் தொங்கவிட்டு வடியவிடுங்கள். பிறகு ஸ்பிரிட் துடைத்த பொலித்தீன் விரிப்பில், காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்திய அறையில் பரப்பி ஆறவிடுங்கள். 30 பாகைக்குக் கீழே வந்த பிறகுதான் வித்து. உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தால் வித்துக்கும் சூடுதான்.

ஒரு பிடி வைக்கோலை எடுத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி எட்டிப் பார்க்க வேண்டும், உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். நூலாக வழிந்தால் இன்னும் வடிய வேண்டும். துளியே வராவிட்டால் காய்ந்துவிட்டது. கையை நம்பாதவர்களுக்குத் தராசு உண்டு: 8 கிலோ காய்ந்த வைக்கோல் இப்போது 21 முதல் 24 கிலோவுக்குள் நிற்க வேண்டும். அதாவது ஈரம் 65 முதல் 70 வீதம்.

இந்த எண் ஏன் முக்கியம்? நொதியம் காய்ந்த பரப்பில் நகராது. வைக்கோல் நாரைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் அது போய்ச்சேரும், உடைந்த சீனியும் திரும்பி இழைக்கு வரும். ஆனால் நார்களுக்கு இடையில் உள்ள வெளியும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் கதை மாறும். ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. முன்னே சொன்ன இலிக்னின் வேலை நிற்கும், இழை மூச்சுத் திணறும், காற்றில்லாமல் வாழத் தெரிந்த பற்றீரியா அடியில் இருந்து புளிக்க வைக்கும். நாருக்கு ஈரம், இடைவெளிக்குக் காற்று.

வித்திடல்

12 அங்குல அகலம், 18 அங்குல நீளமான பொலித்தீன் பை. ஒன்றுக்கு 3 கிலோ ஈர வைக்கோல். எட்டுப் பை வரும். பைக்கு 120 கிராம் வித்து, மொத்தம் 1 கிலோ. வித்துப் பையைப் பிரிக்க முன் வெளிச்சத்தில் பாருங்கள்: தானியம் முழுக்க வெள்ளை போர்த்திருக்க வேண்டும். பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என்று ஒரு புள்ளி இருந்தாலும் முழுப் பையையும் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைப் போடுவது வீண் சிக்கனம். மஞ்சள் நீர் கோத்து நிற்கும் கிழட்டு வித்தும் வேண்டாம்.

கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு ஸ்பிரிட் தடவுங்கள். ஸ்பிரிட் ஈரம் போகும்வரை நெருப்புப் பக்கம் போக வேண்டாம். பையின் அடியில் 5 சென்ரிமீற்றர் வைக்கோல், சுற்று விளிம்பை ஒட்டி ஒரு பிடி வித்து, மறுபடி 8 சென்ரிமீற்றர் வைக்கோல், மறுபடி வித்து. இப்படி நான்கு அடுக்கு. மேலே வித்தைத் தாராளமாகத் தூவுங்கள், முதலில் திருடன் வருவது மேல்பக்கத்தால்தான். ஒவ்வொரு அடுக்கையும் முட்டியால் அழுத்துங்கள். வாயில் ஒரு துண்டு பிவிசி குழாயை மாட்டி, பருத்திப் பஞ்சால் அடைத்து, றப்பர் போட்டுக் கட்டுங்கள். பக்கங்களில் 15, 20 ஊசித் துளைகள், அடியில் தண்ணீர் வடிய மூன்று துளைகள்.

தவிடு போடலாமா? முதல் தடவை வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். தவிட்டில் சுலபமான மாவும் புரதமும் இருப்பதால் விளைச்சல் கூடும், உண்மை. ஆனால் வெந்நீர்ப் பதம் மட்டும் கொடுத்த வைக்கோலில் அது முதலில் அழைப்பது பச்சைப் பூஞ்சணத்தை. நீராவியில் மணிக்கணக்காக அவிக்க வசதி உள்ளவர்கள் போடட்டும்.

இழை ஓடும் காலம்

இருட்டான, காற்றோட்டமுள்ள இடம், 24 முதல் 28 பாகை. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வித்துத் தானியத்திலுள்ள மாவு முடியும்வரை இழை அதையே தின்னும். கையில் சுலபமான சீனி இருக்கும்போது செலுலோசு உடைக்கும் நொதியத்தைப் பங்கசு அதிகம் ஆக்காது. பிறகு ஒவ்வொரு வித்தைச் சுற்றியும் வெள்ளைப் பூ விரியும். 15 முதல் 21 நாளில் பை முழுக்க வெள்ளையாக வேண்டும்.

வன்னியில் கவனிக்க வேண்டியது பைக்குள் எழும் சூடு. சமிபாடடைந்த சீனியை இழை எரிக்கும்போது வெப்பம் பிறக்கும். நடுப்பை, அறையைவிட 3, 4 பாகை சூடாக இருக்கும். அறை 33 என்றால் பைக்குள் 36, 37. அதற்கு மேல் ஏறினால் இழை தளரும், 40 பாகையில் செத்தே போகும். பிறகு செத்த இழையும் மற்றவர்களுக்குச் சாப்பாடுதான். எனவே பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். புளியமர நிழலிலோ மாமர நிழலிலோ கிடுகாலோ பனையோலையாலோ மேய்ந்த கொட்டில், மணல் தரை, அதுதான் சரி. ஒக்ரோபர் கடைசியில் பை கட்டி, நவம்பர் முதல் பெப்ரவரி வரை பறிப்பதுபோல் திட்டமிடுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் சாதாரண சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவதைவிட, 30, 35 பாகையிலும் வளரும் வைக்கோல் காளான் என்ற வேறு இனத்துக்கு மாறுவது புத்தி. அது தனிக் கதை.

கறையானை மறக்க வேண்டாம். பையைத் தொங்கவிடுங்கள், அல்லது மேசைக் கால்களைக் கழிவு எண்ணெய் விட்ட தகரத்தில் நிறுத்துங்கள். மழை விழுந்ததும் புற்றடியில் முளைக்கும் புற்றுக்காளானைப் பார்த்திருப்பீர்கள். மென்று கழித்த தாவரக் குப்பையில் கறையான் பங்கசு வளர்த்து, அது உடைத்துக் கொடுப்பதைத் தின்கிறது. நாம் செய்யும் தொழிலை நமக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய ஆள். நம் பையை விட்டுவைப்பானா?

காளான் எடுத்தல்

பை வெள்ளையாகி இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கங்களில் 3 சென்ரிமீற்றர் நீளக் கீறல் ஆறு எட்டுப் போடுங்கள். இப்போது மூன்றும் வேண்டும்: பத்திரிகை வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம், நல்ல காற்று, 80 முதல் 90 வீத ஈரப்பதன். தரை மணலை நனையுங்கள், சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள், மழையில்லாத நாளில் மூன்று நான்கு தடவை பனிபோலத் தெளியுங்கள். மொட்டுகளின்மேல் நேரே தண்ணீர் கொட்ட வேண்டாம். குடை சாப்பிடுவதில்லை, உள்ளே இருக்கும் பூசணவலை சமிபாடடைய வைத்ததைத்தான் மேலே அனுப்புகிறது. குடையில் தேங்கும் தண்ணீரால் வருவது மஞ்சள் பொட்டு மட்டும்.

மூன்று முதல் ஐந்து நாளில் குண்டூசித்தலை மொட்டுகள். அதிலிருந்து மூன்று நான்கு நாளில் பறிப்பு. குடையின் விளிம்பு இன்னும் உள்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தோடு பிடித்து முறுக்கி எடுங்கள். விளிம்பு நிமிர்ந்து மேல்வளைந்தால் வித்திகள் (காளான் இனம்பெருக்கும் தூள்) கொட்டத் தொடங்கிவிடும், அந்தத் தூள் நெஞ்சிறுக்கமும் இருமலும் தரும். கொட்டிலுக்குள் முகமூடி நல்லது. அடிக்கட்டையை மிச்சம் விடாமல் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் அழுகி ஈ வரும். 7 முதல் 10 நாள் கழித்து அடுத்த தடவை. மூன்று தடவை எடுக்கலாம், முதல் தடவைதான் பாரம்.

பை சொல்லும் முறைப்பாடுகள்

பச்சைத் தூள் பிடித்தால் அது ரைக்கோடேர்மா என்ற பச்சைப் பூஞ்சணம். வெறும் சீனித் திருடன் இல்லை. காளான் இழையின் சுவரையே உடைக்கும் நொதியங்களை வெளியே விட்டு, காளானையே சமிபாடடைய வைக்கும். நாம் வைக்கோலுக்குச் செய்யவைத்ததை அது நம் காளானுக்குச் செய்கிறது. சிறு பொட்டென்றால் தூள் பறக்க முன் அதன்மேல் உப்பை அப்பி மூடித் தனியே வையுங்கள். கைப்பிடி அளவுக்கு மேல் பரவிய பையைத் திறக்காமலே தூரத்தில் புதையுங்கள். எல்லாப் பையிலும் வந்தால் வெந்நீர்ப் பதம் பிழைத்தது. ஒன்றிரண்டில், அதுவும் வாய்ப்பக்கத்தில் மட்டும் வந்தால் கையும் பஞ்சும் சுத்தமில்லை. வித்தைச் சுற்றியே தொடங்கினால் வித்தில்தான் குற்றம்.

அடியில் புளித்த மணமும் மஞ்சள் நீரும் என்றால் ஈரம் கூடிவிட்டது. இரண்டு நாளுக்குள் கண்டுபிடித்தால் அடித் துளைகளைப் பெருப்பித்துச் சாய்த்து வைத்துக் காப்பாற்றலாம். பிந்தினால் முடியாது.

மெல்லிய நீளத் தண்டும் நரைத்த சிறு குடையும் வந்து, ஒரு நாளில் கறுத்து மையாக உருகினால் அது மைக்காளான். நைதரசன் கூடியதன் அடையாளம். உரப்பை, தவிடு, மாட்டுச்சாணம் பட்ட வைக்கோல் என்று தேடிப் பாருங்கள். அது உருகுவதும் தன் நொதியத்தாலேயே, தன்னைத்தானே கரைத்துக்கொண்டு வித்தியைக் கொட்டுகிறது. பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பிடுங்கி எறியுங்கள், சமைக்க வேண்டாம். கொட்டிலைச் சுற்றித் தானாக முளைக்கும் எந்தக் காளானுக்கும் இதே சட்டம்.

சிப்பிக் காளானே தண்டு நீண்டு குடை சிறுத்து வந்தால் காற்று போதாது, காபனீரொட்சைட்டுத் தேங்குகிறது. குடை வெடித்து ஓரம் பழுப்பானால் காற்று காய்ச்சலாக இருக்கிறது, காற்று வரும் பக்கத்துக்கு ஈரச் சாக்கைக் கட்டுங்கள். சின்னக் கறுப்பு ஈக்கள் வந்தால் வாசலுக்கு நுளம்பு வலை போடுங்கள், மருந்து அடிக்க வேண்டாம். இழை வெள்ளையாகவே நின்று மொட்டே வராவிட்டால் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பாருங்கள். ஒரு இரவு மழைக் குளிரில் வெளித் திண்ணையில் தொங்கவிட்டால் பல பைகள் வழிக்கு வரும்.

பறித்ததைக் காற்றுப் போகாத பொலித்தீனில் அடைக்காமல் கடதாசிப் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். எப்போதும் நன்றாகச் சமைத்தே சாப்பிடுங்கள்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு பையைத் தூக்கிப் பாருங்கள். 3 கிலோவாகத் தொங்கிய பை கைக்கு இலேசாக இருக்கும். வைக்கோலில் ஒரு பங்கு காளானாகக் கறிச்சட்டிக்குப் போனது, இன்னொரு பங்கு காபனீரொட்சைட்டாகக் கொட்டிலை விட்டுப் போனது. மிஞ்சியது விரலால் நசித்தாலே உதிரும். பொலித்தீனைக் கழற்றி, பச்சை பிடிக்காததை மட்டும் உதிர்த்து, ஒரு மாதம் குழியில் மக்கவிட்டு, மிளகாய்க்கும் கத்தரிக்கும் அடியில் போடுங்கள். குழியைக் கொட்டிலில் இருந்து எட்டத்தில், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டுங்கள். கிட்ட வெட்டினால் அடுத்த தவணைப் பைகளுக்கு ஈயும் பச்சைத் தூளும் அங்கிருந்துதான் வரும்.